குழந்தைகள் மருத்துவத் தேர்வு: கேள்விகளைக் கொண்டே படிப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எம்.பி.பி.எஸ். இறுதியாண்டில் குழந்தைகள் மருத்துவத்தை நான் படித்த விதம் இதுதான்: பாடநூலை முதல் பக்கத்தில் தொடங்கி, மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டே போனேன். இரண்டாம் முறை புரட்டியபோது எல்லாமே தெரிந்த மாதிரி இருந்தது. மாக் டெஸ்டில் உட்கார்ந்தபோது கதை வேறு. அந்த அட்டவணை வலது பக்கத்தில் கீழ் மூலையில் இருக்கிறது என்பது வரை ஞாபகம் இருந்தது. அட்டவணைக்குள் என்ன இருந்தது என்பது வரவில்லை.

கண்ணுக்குப் பழகுவது வேறு, கேட்டால் வாயில் வருவது வேறு. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். நமக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

நான் கேள்விகளை வைத்துப் படிக்க ஆரம்பித்தது அந்த மாக் டெஸ்டுக்குப் பிறகுதான். இன்று ஜூனியர்களுக்குச் சொல்லித் தருவதும் அதே முறையைத்தான். நீட் பி.ஜி. (மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு), எஃப்.எம்.ஜி.இ. (வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே எழுதும் தகுதித் தேர்வு), கல்லூரி இறுதித் தேர்வு எதுவானாலும் அடிப்படை ஒன்றே.

முதலில் தேர்வின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

நீட் பி.ஜி.யில் 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம். 2024 முதல் தாளை ஐந்து பகுதிகளாகப் பிரித்துவிட்டார்கள்: பகுதிக்கு 40 கேள்வி, 42 நிமிடம். ஒரு பகுதியின் நேரம் முடிந்துவிட்டால் அதற்குத் திரும்ப முடியாது. ஆக, ஒரு கேள்விக்கு 63 வினாடி. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 போகும்.

இந்தக் கணக்கைப் பலர் பயத்தோடு மட்டும் பார்க்கிறார்கள். நான்கு விடைகளில் ஒன்றுகூடத் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண். இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்து மிச்சம் இரண்டில் ஒன்றைக் குறித்தால் சராசரி ஒன்றரை. அதனால் பாதி தெரிந்த கேள்வியை வெறுமையாக விட்டுவிட்டு வருவது நஷ்டம். எஃப்.எம்.ஜி.இ.யில் 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி, தவறான விடைக்குக் கழிப்பே இல்லை. அங்கே ஒரு கேள்வியையும் விடக் கூடாது.

வீட்டில் பயிற்சி செய்யும்போதும் இதே அளவில் செய்யுங்கள்: 40 கேள்வி, 42 நிமிடம், போன் வேறு அறையில். பாடவாரியாகப் படிக்கும் நாட்களில் 15, 25 என்று சின்னத் தொகுப்பாக எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் கடிகாரம் ஓட வேண்டும்.

பாடத்தைப் படிக்கும் முன்பே 15 கேள்வி

இதைச் சொன்னதும் எல்லாரும் முகம் சுளிப்பார்கள். "படிக்காமலே எப்படிங்க கேள்வி போடுறது, எல்லாம் தப்பாத்தானே வரும்?" ஆமாம், தப்பாகத்தான் வரும். அதற்காகத்தான் போடச் சொல்கிறேன். பச்சிளங்குழந்தை மஞ்சள் காமாலையில் 15 கேள்வி போட்டு 10 தவறாகிவிட்டால், அப்புறம் பாடத்தைத் திறக்கும்போது தலைக்குள் 10 கேள்விகள் காத்திருக்கும். எந்த மணி நேரத்தில் வந்தது, எந்த வகை பிலிருபின் (காமாலையில் ரத்தத்தில் கூடும் மஞ்சள் நிறமி) கூடியிருக்கிறது, மலம் என்ன நிறம் என்ற மூன்றைத்தான் தேர்வு சுற்றிச் சுற்றிக் கேட்கிறது என்பது படிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

பாடத்தை முடித்த பிறகு வேறு 25 கேள்வி. முன்பு போட்ட அதே 15-ஐத் திரும்பப் போடாதீர்கள். விடை ஞாபகத்தில் இருக்கும், பாடம் ஞாபகத்தில் இருக்காது. அந்தப் பதினைந்தை மூன்று வாரம் கழித்துத் தொடுங்கள்.

வயதை முதலில் வாசியுங்கள்

இந்த முழுக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் மருத்துவத்தில் வயதுதான் பாதி விடை. பெரியவர்களுக்கான மருத்துவத்தில் 45 வயதும் 52 வயதும் பெரிய வித்தியாசமில்லை. இங்கே ஐந்தாம் நாளும் ஐந்தாம் வாரமும் ஐந்தாம் மாதமும் மூன்று வெவ்வேறு உலகங்கள்.

ஒரு குழந்தை நிமிடத்துக்கு 52 முறை மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதக் குழந்தை என்றால் அது வேக மூச்சு இல்லை, ஏனென்றால் இரண்டு மாதத்துக்குக் கீழே வரம்பு 60. ஆறு மாதக் குழந்தை என்றால் வேக மூச்சு, இரண்டிலிருந்து 12 மாதம் வரை வரம்பு 50. மூன்று வயதென்றால் சந்தேகமே வேண்டாம், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை வரம்பு 40. எண் ஒன்றேதான், வயது மாறினால் விடை மாறிவிடுகிறது.

காமாலையும் அப்படியே. பிறந்த 24 மணி நேரத்துக்குள் கண் மஞ்சளானால் அதை இயல்பு என்று எந்த விடையும் சொல்லாது; தாய்க்கும் சேய்க்கும் ரத்த வகை பொருந்தாமல் இருக்கிறதா என்று தேட வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி மெல்லக் குறைந்தால் பெரும்பாலும் இயல்பானது. நிறைமாதக் குழந்தைக்கு இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை, மலம் வெளிறிச் சுண்ணாம்பு மாதிரி போகிறது என்றால் பிலியரி அட்ரீசியா, அதாவது பித்தநாள அடைப்பு. அங்கே பித்தத்தைக் குடலுக்கு வடியவைக்கும் கசாய் அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்துவிட்டால் பலன் கூடும். அதனால்தான் கேள்வியில் "ஆறு வாரம்" என்று வயதைக் கொடுத்திருப்பார்கள். அந்த "ஆறு வாரம்" அங்கே சும்மா நிற்கவில்லை, "காத்திருந்து பார்க்கலாம்" என்ற விடையை வெட்டுவதற்காக நிற்கிறது.

ஆகவே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: கேள்வியைத் திறந்ததும் கண் வயதுக்குப் போக வேண்டும். வயதைப் பார்த்ததுமே, மேலே படிக்கும் முன், "இந்த வயதில் என்னென்ன வரும்?" என்று மனதில் இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லிக்கொள்ளுங்கள். அப்புறம் கடைசி வரியை, அதாவது என்ன கேட்கிறார்கள் என்பதை, படியுங்கள். நடுவில் இருப்பதை மூன்றாவதாகப் படியுங்கள். ஆரம்பத்தில் நேரம் கூடுதலாகப் பிடிப்பது போலத் தோன்றும், பழகியபின் குறைந்துவிடும்.

ஒரே கேள்வியை ஐந்தாக்குவது

இப்போது ஒரு கேள்வியை நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம். நானே எழுதியது.

*நான்கு வார ஆண் குழந்தை, வீட்டின் முதல் குழந்தை. ஒரு வாரமாகப் பால் குடித்ததும் பீச்சியடித்து வாந்தி எடுக்கிறது. வாந்தியில் பச்சை நிறம் இல்லை. வாந்தி எடுத்த கையோடு மறுபடியும் பாலுக்கு அழுகிறது. உடல் வறண்டிருக்கிறது. ரத்தத்தில் குளோரைடும் பொட்டாசியமும் குறைவு, பைகார்பனேட் அதிகம். அடுத்து முதலில் செய்ய வேண்டியது எது? அ) உடனடி அறுவை சிகிச்சை. ஆ) நரம்பு வழியாகத் திரவம் செலுத்தி எலக்ட்ரோலைட்டுகளைச் சரிசெய்தல். இ) பேரியம் கொடுத்து எக்ஸ்ரே. ஈ) பாலை மாற்றிக் கொடுத்துப் பார்த்தல்.*

பைலோரிக் ஸ்டெனோசிஸ் (இரைப்பையின் கீழ்வாய் தடித்துக் குறுகிவிடுவது) என்று கண்டுபிடிப்பது இங்கே பெரிய வேலை இல்லை. மூன்றிலிருந்து ஆறு வாரம், முதல் ஆண் குழந்தை, பச்சையில்லாத வாந்தி, அடங்காத பசி என்று எல்லாம் கண் முன்னால் இருக்கிறது. கண்டுபிடித்த சந்தோஷத்தில் அதைச் சரிசெய்யும் "ராம்ஸ்டெட் அறுவை" என்று மனம் பாய்ந்துவிடும், கை "அ"வைக் குறித்துவிடும். விடை "ஆ". கேள்வியில் "முதலில்" என்று ஒரு சொல் இருக்கிறது. இரைப்பை அமிலம் வெளியே போய்ப் போய் ரத்தத்தில் காரத்தன்மை ஏறியிருக்கிறது. அந்த நிலையில் மூச்சுவிடும் தூண்டல் மந்தமாகிவிடும். மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்தால் பிறகு குழந்தைக்கு மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. எனவே திரவம், உப்புகள், அப்புறம்தான் அறுவை. இது அவசர அறுவை சிகிச்சை இல்லை.

பெரும்பாலானவர்கள் இங்கே நிறுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். உண்மையான படிப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. கேள்வியில் ஒரே ஒரு விவரத்தை மாற்றுங்கள், விடை எங்கே போகிறது என்று பாருங்கள்.

வாந்தியைப் பச்சையாக்குங்கள். உடனே கதை தலைகீழ். பிறந்து சில வாரமான குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், இல்லை என்று நிரூபிக்கும் வரை அது குடல் முறுக்கிக்கொண்ட வால்வுலஸ்தான். இப்போது அவசரம் வந்துவிட்டது. குடலுக்கு ரத்தம் போகாமல் மணிக்கணக்கில் கருகிவிடும்.

வயதை முதல் நாளாக்கி, தாய்க்குப் பனிக்குட நீர் அதிகமாக இருந்தது என்று சேருங்கள். குழந்தையின் முகச்சாயல் டவுன் சிண்ட்ரோம் போல இருக்கிறது, எக்ஸ்ரேயில் இரண்டு காற்றுக் குமிழிகள் தெரிகின்றன. டியோடினல் அட்ரீசியா, சிறுகுடலின் தொடக்கம் பிறவியிலேயே அடைபட்டிருப்பது.

வயதை எட்டு மாதமாக்குங்கள். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீர் திடீரென்று காலை மடக்கிக்கொண்டு வீறிடுகிறது, நடுவில் அடங்கிவிடுகிறது, பிறகு மலத்தோடு ரத்தமும் சளியும். இன்டஸ்ஸசெப்ஷன், குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் சொருகிக்கொள்வது.

கடைசி மாற்றம்தான் எனக்குப் பிடித்தது. வயதை இரண்டு வாரமாக்கி, வாந்தியை அப்படியே விட்டு, ரத்தப் பரிசோதனையை மட்டும் மாற்றுங்கள்: சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். பைலோரிக் ஸ்டெனோசிஸில் பொட்டாசியம் இறங்கத்தான் செய்யும், ஏறாது. ஏறியிருக்கிறது என்றால் அட்ரீனல் சுரப்பியைப் பாருங்கள். உப்பை இழக்கும் வகைப் பிறவி அட்ரீனல் ஹைப்பர்பிளேசியா (அட்ரீனல் ஹார்மோன் சுரப்பில் பிறவிக் கோளாறு). பெண் குழந்தையென்றால் பிறப்புறுப்பின் அமைப்பே காட்டிக்கொடுத்துவிடும். ஆண் குழந்தைக்கு அப்படி எதுவும் தெரியாது. அதனால்தான் "சாதாரண வாந்தி" என்று நழுவி, ரத்த ஓட்டம் குலைந்த அதிர்ச்சி நிலையில் வந்து சேர்வதுண்டு. இந்த ஒரு எண்ணைக் கவனிக்கப் பழகிய மாணவர் பின்னாளில் ஒரு குழந்தையைக் காப்பாற்றுவார். தேர்வு மதிப்பெண்ணைவிட அதுதான் எனக்கு முக்கியம்.

ஒரு கேள்வி ஐந்தாகிவிட்டது. இப்படிச் செய்தால் 40 கேள்வியை முடிக்க 42 நிமிடம், அலச ஒன்றரை மணி நேரம் ஆகும். சரியான விகிதம் அதுதான். அலச நேரமில்லாத நாளில் 40-க்குப் பதில் 20 போடுங்கள். அலசலை மட்டும் வெட்டாதீர்கள். சரியாகக் குறித்த கேள்விகளையும் அலச வேண்டும். மற்ற மூன்று விடைகளும் ஏன் தப்பு என்று வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்றால், அது அதிர்ஷ்டத்தில் வந்த மதிப்பெண்.

தப்பு நோட்டு

சாதாரண கோடு போட்ட நோட்டு போதும். ஆப்பில் புக்மார்க் செய்து வைப்பது எனக்கு ஒத்துவரவில்லை. முந்நூறு புக்மார்க் சேர்ந்தபின் அந்தப் பக்கமே போக மனம் வராது. கையால் எழுதும்போது சுருக்கமாக எழுத வேண்டிய கட்டாயம் வருகிறது.

ஒவ்வொரு தப்புக்கும் ஒரே வரி. பாடநூல் பத்தியைக் காப்பி எடுக்கக் கூடாது. எது உங்களை ஏமாற்றியது என்பதை எழுதுங்கள். தப்புகள் நான்கு வகையாகத்தான் இருக்கும்: தெரியவே தெரியாதது, தெரிந்தும் அந்த நேரத்தில் வராதது, கேள்வியைத் தப்பாக வாசித்தது, இரண்டு விடைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. வரியின் ஓரத்தில் எந்த வகை என்று ஒரு எழுத்தைக் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தால் உங்கள் பிரச்சினை என்னவென்று நோட்டே சொல்லும். என் நோட்டில் வாசிப்புத் தப்புதான் அதிகம். "தவிர", "முதலில்", "உறுதிசெய்ய" என்ற சொற்களை நான் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். இன்னும் நாலு பாடம் படித்திருந்தாலும் அது சரியாகியிருக்காது. திரையில் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் குறைந்தது.

என் நோட்டு வரிகள் சில, மாதிரிக்கு:

"14 மாதம், காய்ச்சலோடு 5 நிமிட வலிப்பு, இப்போது விளையாடுகிறது. எளிய காய்ச்சல் வலிப்பு, ஈ.ஈ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) வேண்டாம். ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றத்தில் குறித்தேன்."

"தலையில் வீக்கம்: மண்டையோட்டுத் தையலைத் தாண்டினால் கேபுட், பிறக்கும்போதே இருக்கும். தாண்டாவிட்டால் செபல்ஹெமடோமா, சில மணி நேரம் கழித்துத் தெரியும்."

"பிறந்த அன்றே நீலம்: பெருந்தமனிகள் இடம் மாறியது. மாதங்கள் கழித்து நீலம்: டெட்ராலஜி (நான்கு குறைகள் சேர்ந்த பிறவி இதய நோய்)."

கடைசி இரண்டையும் போல, மாட்டிக்கொண்ட இரண்டையும் ஒரே வரியில் எதிரெதிராக நிறுத்துங்கள். பிரித்துக் காட்டும் ஒரே ஒரு விவரம் கிடைத்தால் போதும்.

எண்களை எப்படி வசப்படுத்துவது

இந்தப் பாடத்தில் தப்பிக்கவே முடியாத பகுதி எண்கள். வளர்ச்சிப் படிகள், எடை, தடுப்பூசி, திரவ அளவு. வெறுமனே மனப்பாடம் செய்தால் தேர்வன்று எல்லாம் கலங்கிப்போகும்.

வளர்ச்சிப் படிகளுக்கு நம்மிடமே ஒரு நல்ல பிடிமானம் இருக்கிறது. பிள்ளைத்தமிழ்ப் பருவங்களைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். குழந்தை உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்துக்குச் சொல்வார்கள். நடந்து வரச்சொல்லி அழைக்கும் வருகைப் பருவம் ஓராண்டை ஒட்டி வரும். பாடநூலைத் திறந்தால், துணையில்லாமல் உட்காருவது எட்டு மாதம், கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து எடுப்பது ஒன்பது, தனியே நடப்பது ஓராண்டு தாண்டி. புலவர்கள் குழந்தைகளைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். இந்த இரண்டு மைல்கற்களை ஊன்றிக்கொண்டால் மற்றவற்றை நடுவில் சொருகிவிடலாம்: முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டு மாதம், கழுத்து நிற்பது மூன்று, பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்பது. வட்டம் வரைவது மூன்று வயது, முக்கோணம் ஐந்து.

எடைக்குச் சூத்திரம் இருக்கிறது. மூன்றிலிருந்து 12 மாதம் வரை, மாதத்தோடு 9 கூட்டி இரண்டால் வகுங்கள். ஒன்றிலிருந்து ஆறு வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி 8 கூட்டுங்கள். நான்கு வயதுக்கு 16 கிலோ. பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்கு, ஓராண்டில் மூன்று மடங்கு. இதை உங்கள் வீட்டுக் குழந்தைகள்மேல் போட்டுப் பாருங்கள். அக்கா மகனின் எடையும் வயதும் தெரிந்தால் சூத்திரம் மறக்காது.

தினசரித் திரவத் தேவை: முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10-க்கு 50, அதற்கு மேல் 20. 14 கிலோ குழந்தைக்கு 1,200 மில்லி, 22 கிலோவுக்கு 1,540. தினமும் ஒரு எடையைக் கற்பனை செய்து, பல் துலக்கும்போது மனக்கணக்காகப் போடுங்கள்.

தடுப்பூசிக்கு ஒரே வழிதான் தெரியும் எனக்கு: வெற்றுத் தாளில் அட்டவணையை வாரம் ஒருமுறை பார்க்காமல் வரைவது. பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி. 6, 10, 14 வாரங்களில் பென்டா (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), போலியோ சொட்டு, ரோட்டா (வயிற்றுப்போக்குக்கு எதிரானது). தோலுக்குள் போடும் போலியோ ஊசி 6, 14 வாரங்களில், அப்புறம் ஒன்பது மாதத்தில் மூன்றாவது. நிமோகாக்கல் 6, 14 வாரம், ஒன்பது மாதத்தில் பூஸ்டர். தட்டம்மை-ரூபெல்லா ஒன்பது மாதம் முடிந்ததும், மறுபடி 16-லிருந்து 24 மாதத்துக்குள். வைட்டமின் ஏ ஒன்பதாம் மாதம் ஒரு லட்சம் யூனிட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம். ஐந்து வயதுக்குள் ஒன்பது தவணை, மொத்தம் 17 லட்சம்.

இங்கே ஒரு பொறி உண்டு. அரசின் தேசிய அட்டவணையும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அட்டவணையும் ஒன்றல்ல. அரசு அட்டவணையில் தட்டம்மை-ரூபெல்லா. சங்கத்தின் அட்டவணையில் புட்டாளம்மையையும் சேர்த்த எம்.எம்.ஆர். "தேசிய அட்டவணைப்படி" என்று கேள்வியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குறியுங்கள்.

பழைய கேள்விகளை அப்படியே நம்பாதீர்கள்

சீனியர்களிடமிருந்து கைமாறி வரும் கேள்வித் தொகுப்புகள் நல்லவைதான், ஆனால் விடைகளுக்கு வயதாகியிருக்கும். பனிக்குடத்தில் மலம் கலந்து, சோர்ந்து பிறந்த குழந்தைக்கு முதலில் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தி உறிஞ்ச வேண்டும் என்பது முன்பு சரியான விடை. 2015-இல் வழிகாட்டுதல் மாறியது. இப்போது வழக்கமாக உறிஞ்சுவதில்லை, மூச்சுவிடாத குழந்தைக்குத் தாமதிக்காமல் பை-மாஸ்க் கொண்டு மூச்சுக் கொடுக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் பழைய தொகுப்பில் சோடியம் 90, ஆஸ்மோலாரிட்டி (கரைந்திருக்கும் துகள்களின் மொத்த அளவு) 311 என்று இருக்கும். இன்றைய கரைசலில் சோடியம் 75, குளுக்கோஸ் 75, மொத்தம் 245.

எனவே மருந்தளவு, தடுப்பூசி, பச்சிளங்குழந்தை உயிர்ப்பித்தல் ஆகிய மூன்றிலும் பழைய விடையைப் பார்த்தால் பாடநூலின் சமீபப் பதிப்போடு ஒப்பிடுங்கள். எக்ஸ்ரேயில் பூட்ஸ் வடிவ இதயம் என்றால் டெட்ராலஜி என்பது போன்றவை மாறுவதில்லை, அவற்றைப் பழைய தொகுப்பிலிருந்தே தாராளமாகப் போடலாம்.

வார்டையும் கேள்வியாக்குங்கள்

வார்டு போஸ்டிங் நேரத்தில் அறையில் உட்கார்ந்து கேள்வி வங்கியைத் தீர்ப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கேள்வியை எழுதியவரே வார்டில் பார்த்த குழந்தையை வைத்துத்தான் எழுதுகிறார்.

நம் ஊரில் இன்னொரு வசதியும் உண்டு. தாய்மாரும் பாட்டிமாரும் சொல்லும் சொற்களே அறிகுறிப் பட்டியல். "இழுப்பு" என்றால் வீசிங். "பொன்னுக்கு வீங்கி" என்றால் புட்டாளம்மை. "கக்குவான்" என்றால் பெர்ட்டூசிஸ். இருமி இருமிக் கடைசியில் கக்குவதை அந்தச் சொல்லே வைத்திருக்கிறது. எந்த அறிகுறியைப் படித்தாலும், ஒரு அம்மா இதை ஓ.பி.யில் எப்படிச் சொல்வார் என்று ஒரு வாக்கியம் யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் படித்தது தமிழில் வந்து விழும்போது ஆழமாகப் பதிகிறது.

ஒருநாள் ஒரு பாட்டி ஏழு மாதப் பேரனைத் தூக்கி வந்தார். "உச்சி விழுந்துருச்சும்மா, ரெண்டு நாளா வயித்தால போகுது" என்றார். பக்கத்தில் நின்ற ஜூனியர் அதைக் குழந்தை எங்கோ விழுந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, தலையில் காயம் தேட ஆரம்பித்தார். பாட்டி அவர் விரலைப் பிடித்து உச்சிக்குழிமேல் வைத்தார். குழி அமுங்கியிருந்தது. கண் உள்வாங்கியிருந்தது, குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தான், கரண்டியைக் காட்டினால் பாய்ந்து குடித்தான், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் சமன்பட்டது. "எடை ஆறு கிலோ. இப்போ என்ன?" என்று ஜூனியரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "மிதமான நீரிழப்பு. கிலோவுக்கு 75, ஆக 450 மில்லி ஓ.ஆர்.எஸ்., நாலு மணி நேரத்தில். கூடவே ஜிங்க் 20 மில்லிகிராம், 14 நாள்" என்றார். அதே குழந்தை மயங்கிக் கிடந்து, குடிக்கவும் முடியாமல் போயிருந்தால்? "கிலோவுக்கு 100, நரம்பு வழியாக. ஒரு வயதுக்குக் கீழே என்பதால் முதல் 30 ஒரு மணி நேரத்தில், மிச்சம் 70 ஐந்து மணி நேரத்தில்." அவருக்கு அந்தக் கணக்கு இனி மறக்காது.

தினமும் வார்டிலிருந்து வந்ததும் பார்த்த குழந்தைகளில் ஒன்றை வைத்து ஒரு கேள்வி எழுதுங்கள், நான்கு விடைகளோடு. தவறான மூன்று விடைகளை நம்பும்படியாக எழுதுவதுதான் கஷ்டம். அதை எழுத முடிந்துவிட்டால் அந்தப் பாடம் உங்களுடையது. மூன்று நான்கு நண்பர்கள் சேர்ந்து மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. குழந்தையின் பெயரோ படமோ மட்டும் எங்கும் வரக் கூடாது.

திரும்பிப் பார்க்கும் நாட்கள்

தப்பான கேள்வியை மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம் கழித்து என்று நான்கு முறை தொட்டால் போதும். நான்கிலும் சரியாக வந்துவிட்டால் அதை அடித்துவிட்டு மேலே போங்கள். மாதம் ஒன்று ஆனதும் பாடவாரியாகப் போடுவதைக் குறைத்து, எல்லாப் பாடங்களையும் கலந்து போட ஆரம்பியுங்கள். "இன்று இதயம்" என்று தெரிந்தே போடும்போது பாதி விடை தலைப்பிலேயே கிடைத்துவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது.

கடைசிப் பத்து நாள்

புதுக் கேள்வி வங்கி எதையும் இப்போது தொடாதீர்கள். ஒன்றுவிட்டு ஒருநாள், தேர்வு நடக்கும் அதே நேரத்தில், முழுத் தாள் ஒன்று. மற்ற நாட்களில் அலசல். தடுப்பூசி அட்டவணையை வெற்றுத் தாளில் கடைசியாக இரண்டு முறை வரையுங்கள். படக் கேள்விகளுக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள்: தோல் தடிப்புகள், நெஞ்சு எக்ஸ்ரே, பிறவிக் கோளாறுகளின் முகச்சாயல்.

முந்தின நாள் தப்பு நோட்டு மட்டும். ஓரத்தில் "வாசிப்பு" என்று குறித்த வரிகளை மட்டும் எடுத்துப் படித்தாலே போதும், அரை மணி நேரம் ஆகும். தேர்வு அறையில் ஒரு பகுதியின் 40 கேள்விகளையும் 35 நிமிடத்தில் ஒரு சுற்று முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் ஏழு நிமிடத்தில் குறித்து வைத்தவற்றுக்கு மட்டும் திரும்புங்கள். அந்த இரண்டாம் பார்வையில், குழந்தைகள் கேள்வி எதிலாவது விடையை மாற்றத் தோன்றினால், மாற்றும் முன் வயதை இன்னொரு முறை வாசித்துவிடுங்கள்.